மைக் செட்டும் மார்கழிக் கச்சேரியும்

சென்னைப் பட்டணத்தைக் கண்ணால் சுற்றிப் பார்த்தவர் அநேகர்; காதால் சுற்றிப் பார்த்தவர் மிகச் சிலரே. கோபுரம், கடற்கரை, கலங்கரை விளக்கம், கடைவீதி என்று காட்சிகளை வரிசைப்படுத்தும் வழிகாட்டிப் புத்தகங்கள் இந்நகரின் ஓசைகளைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஆயினும், தியாகராய நகரில் புறப்பட்டு மயிலாப்பூர் வழியாக அடையாறு வரையில் கண்ணை மூடிக்கொண்டு போகிற ஒருவர், தாம் எந்தப் பேட்டையில் இருக்கிறோம் என்பதைக் காதைக் கொண்டே சொல்லிவிடலாம். அந்த வழியில்தான் இன்று நேயர்களை அழைத்துச் செல்ல விரும்புகிறோம். நமக்கு வழிகாட்டப் போவது ஒலிபெருக்கி. ஒலிபெருக்கி என்றதும் காதைப் பொத்திக்கொள்ள வேண்டாம். அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. அந்தச் சரித்திரத்தில் ஏழை ஜனங்களுக்குப் பெரும் பங்கும் உண்டு.

தியாகராய நகர் 1920-களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து உண்டாக்கிய ஊர். தவளைகள் கத்திய இடத்தில் இன்று துணிக்கடைகள் கூவுகின்றன. பாண்டி பஜாரிலும் ரங்கநாதன் தெருவிலும் ஒவ்வொரு கடையும் தன் பெருமையைத் தானே உரக்கச் சொல்லிக்கொள்கிறது. இந்த இரைச்சலைத் தாண்டி கோபதி நாராயணசாமிச் செட்டி சாலைக்கு வந்தால், 1945-இல் நடிகர் சித்தூர் நாகையாவின் முயற்சியால் எழுந்த வாணி மஹால் நிற்கிறது. உள்ளே தம்பூரா மெல்ல இழைகிறது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் அந்த இழை காதில் விழுகிறது. எப்படி விழுகிறது? ஒலிபெருக்கியினால்தான்! வெளியே கடைக்காரரின் கூச்சலைப் பெருக்குகிற அதே யந்திரம், உள்ளே வித்வானின் பிருகாவைப் பெருக்குகிறது.

ஒலிபெருக்கி வருவதற்கு முன் நம் சங்கீதம் எப்படி இருந்தது என்பதைப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1933-இல் இளம் வயதிலேயே மறைந்த எஸ்.ஜி. கிட்டப்பா, கொட்டகையின் கடைசி மூலை வரையில் எட்டும்படி உச்ச சுருதியில் பாடியவர். குரல் வன்மை இல்லாதவருக்கு அந்நாளில் மேடையில் இடம் கிடைப்பது அரிது. மைக் வந்த பிறகு சுருதி இறங்கிற்று. மெல்லிய குரலுக்கும் வாழ்வு வந்தது. வீணையின் நுட்பமான கமகங்களும் பெரிய மண்டபத்தில் கேட்கலாயின. ஆகவே, இன்று நாம் பரம்பரைச் சொத்தென்று போற்றுகிற கச்சேரி முறையும் ஓரளவு இந்த யந்திரத்தின் பிள்ளைதான்.

மயிலாப்பூரை நோக்கி நடப்போம். வழியிலுள்ள சங்கீத வித்வத் சபை, தேசிய இயக்கத்தின் மடியில் பிறந்த குழந்தை. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது அதனையொட்டி நடந்த சங்கீத மகாநாட்டின் பயனாக, மறு ஆண்டு இந்தச் சபை தோன்றியது. மார்கழி பிறந்துவிட்டால் இந்தப் பகுதி முழுவதும் சபா மயம்.

கிழக்கே கடற்கரைக்குச் சற்றுத் திரும்பினால் இன்னொரு செய்தி உண்டு. 1930 ஏப்ரல் 1-ஆம் தேதி முதல் சென்னை நகரசபையே ஒரு வானொலி நிலையத்தை நடத்தியது. வீட்டில் வானொலிப் பெட்டி வாங்க வசதியற்ற ஜனங்கள் எப்படிக் கேட்பது? கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகளை நிறுத்தினார்கள். 1938 ஜூன் மாதத்தில் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கும் வரையில் இந்த ஏற்பாடு நடந்தது. சபா வாசலை மிதித்தறியாத கூலிக்காரரும் மீனவரும் மணலில் உட்கார்ந்தபடி வித்வான்களின் பாட்டைக் கேட்டார்கள். ஒலிபெருக்கி முதலில் செய்த தருமம் இதுவே எனலாம்.

மார்கழியில் சபாவுக்குச் சீசன் என்றால், ஆடியில் தெருவுக்குச் சீசன். முண்டகக்கண்ணி அம்மன் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஆடி ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்து பார்த்தவருக்குத் தெரியும். கூழ் ஊற்றும் அண்டாக்களுக்கு அருகே ஆள் உயரப் பெட்டிகள் அடுக்கப்பட்டிருக்கும். எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு காலையிலேயே ஊரை எழுப்பிவிடும். கம்பத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியின் காலம் ஒருவாறு போய், இப்போது பெட்டிகளின் காலம். இவற்றை வாடகைக்கு விடுகிறவருக்கு மைக் செட்காரர் என்று பெயர். கலியாணமோ, காதுகுத்தோ, சாவோ, கட்சிக் கூட்டமோ, அவர் இல்லாமல் ஏழைத் தெருவில் ஒன்றும் நடவாது. எந்தப் பாட்டை எப்போது போட்டால் கூட்டம் எழுந்து ஆடும், எதைப் போட்டால் கிழவிகள் கண் கலங்குவார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. "இவ்வளவு சத்தம் எதற்கு?" என்று அப்படிப்பட்ட ஒருவரை ஒரு முறை கேட்டோம். "சார், பாட்டு காதுல விழுந்தா மட்டும் போதாது சார். நெஞ்சுல இடிக்கணும்" என்றார்.

இந்த வார்த்தையைக் கேட்டதும் நமக்குப் பல்லாயிரம் மைலுக்கு அப்பால் உள்ள ஒரு தீவின் நினைவு வந்தது. மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான ஜமைக்காவில் இதே கொள்கை ஒரு பெரிய கலையாகவே வளர்ந்திருக்கிறது. கரும்புத் தோட்டங்களுக்காக ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டவர்களின் சந்ததியார் பெரும்பான்மையாக வாழும் நாடு அது. 1845 முதல் இந்தியக் கூலிகளும் கப்பல் கப்பலாக அங்கே கொண்டுபோகப்பட்டார்கள் என்பதை நாம் மறக்கலாகாது. அதன் தலைநகர் கிங்ஸ்டன். அங்குள்ள ஏழைகளுக்குப் பெரிய ஓட்டல்களின் நடன மண்டபத்தில் நுழைய வழியில்லை. வாத்தியக் கோஷ்டியை அமர்த்தப் பணமும் இல்லை. 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் டாம் வாங் என்ற சீன வம்சத்து வியாபாரியைப் போன்ற சிலர், இசைத்தட்டுச் சுழலியையும் ஆம்ப்ளிபயரையும் பிரம்மாண்டமான பெட்டிகளையும் திறந்த முற்றங்களில் நிறுத்தி இசைத்தட்டுகளைப் போடலானார்கள். இந்த ஏற்பாட்டுக்குச் சவுண்டு சிஸ்டம் என்று பெயர். நம் பாஷையில் சொன்னால் மைக் செட்!

பிறகு நடந்ததுதான் அதிசயம். போலீஸ் வேலையை விட்டு மதுக்கடை வைத்திருந்த டியூக் ரீடு, அவருக்குப் போட்டியாகக் காக்ஸன் டாட் என்று மைக் செட்காரர்கள் பெருகினார்கள். எதிரியிடம் இல்லாத பாட்டு வேண்டும் என்ற போட்டியில் தாங்களே பாட்டுகளை ஒலிப்பதிவு செய்யத் தொடங்கினார்கள். 1962-இல் நாடு சுதந்திரம் அடைந்த காலத்தில் ஸ்கா என்ற துள்ளிசை முழங்கியது. 1968-ஐ ஒட்டி அது நிதானம் அடைந்து ரெக்கே ஆயிற்று. வானொலிப் பெட்டி பழுதுபார்ப்பதில் கைதேர்ந்த கிங் டப்பி என்பவர், பாட்டிலிருந்து குரலை எடுத்துவிட்டு முழவையும் அடித்தந்தியையும் மாத்திரம் மிஞ்சவிட்டார். அந்த வெற்றிடத்தில் யூ-ராய் போன்றவர்கள் மைக்கைப் பிடித்துத் தாளத்தோடு பேசினார்கள். சவுண்டு சிஸ்டம் நடந்த ஆட்டக் களத்தின் பெயரே பின்னாளில் டான்ஸ்ஹால் என்று ஒரு சங்கீத வகையின் பெயராயிற்று. கிங்ஸ்டனிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய டீஜே கூல் ஹெர்க் என்ற இளைஞர் 1973-இல் நியூயார்க்கில் இந்த முறையைக் கையாண்டதிலிருந்து ஹிப்-ஹாப் முளைத்தது. பாப் மார்லியின் பெயரை அறியாத நாடு இன்று இல்லை. 2018-இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ ஸ்தாபனம் ரெக்கேயை மனித குலத்தின் கலாசாரச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிவு செய்தது. தெருமுனைச் சத்தம் உலகப் பொக்கிஷமானது இப்படித்தான்.

பாரதத்திலும் இந்த விதை விழுந்திருக்கிறது. டெல்லியில் 2009-இல் ரெக்கே ராஜாஸ் என்ற குழு தோன்றிற்று. டெல்லி சுல்தனேட் என்ற பெயரில் பாடும் தரு டால்மியா, ஜமைக்கா முறைப்படி பெட்டிகளைச் செய்வித்து, அவற்றை ஜனங்களின் போராட்டக் களங்களுக்கும் எடுத்துச் சென்றார். நம் சென்னைக்கும் இக்கதையில் ஒரு பங்கு இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, யுத்தத்தினால் லண்டன் சேர்ந்த மாயா அருள்பிரகாசம் என்ற ஈழத் தமிழ்ப் பெண், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் உலகப் புகழ் பெற்றவர். 2007-இல் வெளிவந்த 'கலா' என்ற இசைத்தொகுப்புக்காக அவர் சென்னைக்கு வந்து உறுமி மேளத்தை ஒலிப்பதிவு செய்தார். அந்த உறுமி ஒலிக்கும் பாட்டு ஒன்றுக்குக் கிங்ஸ்டன் நகரத்து இளைஞர்கள் ஆடினார்கள். படமும் அங்கேயே எடுக்கப்பட்டது. நம் ஊரில் சாவு வீட்டு மேளம் என்று முகம் சுளிக்கப்படுகிற உறுமிக்கு ஜமைக்காவின் தெரு எழுந்து ஆடியது!

இனி அடையாற்றுப் பாலத்தைக் கடப்போம். ஆலமரத்து நிழலில் பிரம்மஞான சபை 1882 முதல் அமைதியாக இருக்கிறது. அதன் தலைவர் கர்னல் ஆல்காட், தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களின் குழந்தைகளுக்காக 1894-இல் இலவசப் பள்ளி தொடங்கினார். பண்டிதர் அயோத்திதாசர் 1898-இல் அவருடன் கொழும்புக்குச் சென்று பௌத்தம் தழுவினார். எலியட்ஸ் கடற்கரையை அடுத்த மீனவர் குப்பம் இன்றும் ஊரூர் ஆல்காட் குப்பம் என்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பெசன்ட் நகரின் மாடி வீடுகளுக்கும் இந்தக் குப்பத்துக்கும் இடையே சில அடி தூரம்தான். ஆயினும் கலாக்ஷேத்திரத்து நட்டுவாங்கம் குப்பத்துக்குள் போனதில்லை. குப்பத்துப் பறை மாடி வீட்டுக்குள் வந்ததில்லை.

2015-இல் ஒரு மாறுதல் நேர்ந்தது. சங்கீத வித்வான் டி.எம். கிருஷ்ணாவும் சுற்றுச்சூழல் ஊழியர் நித்தியானந்த் ஜெயராமனும் குப்பத்து மக்களோடு சேர்ந்து, கடலோரத்திலேயே மேடை போட்டு ஊரூர் ஆல்காட் குப்பம் விழா என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பறையாட்டமும் பரதமும், வில்லுப்பாட்டும் கர்நாடக சங்கீதமும் ஒரே மேடையில், ஒரே ஒலிபெருக்கியில் ஒலித்தன. நுழைவுச் சீட்டு கிடையாது. அவ்வளவு காலம் அந்தத் தெருவை எட்டிப் பாராத ரசிகர்கள் வலை உலர்த்தும் மணலில் உட்கார்ந்து கேட்டார்கள். அதன் பின், 2018 ஜனவரி 6-ஆம் தேதி, சற்று வடக்கே கீழ்ப்பாக்கத்தில், இயக்குநர் பா. ரஞ்சித்தின் முயற்சியாலும் இசையமைப்பாளர் டென்மாவின் உழைப்பாலும் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற குழு மேடையேறியது. கானாவும் பறையும் சட்டியும், ராப் பாட்டும் கிதாரும் அதில் ஒன்று கலந்தன. சாதிபேதமற்ற தமிழர் என்று அயோத்திதாசர் அன்று எழுப்பிய குரலே அக்குழுவின் பெயராயிற்று. ஆல்காட்டும் பண்டிதரும் விதைத்தது ஒலிபெருக்கி வழியாக முளைத்தது என்றே நமக்குத் தோன்றுகிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு, உபாத்தியாயராகிய நாம் மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். பரீட்சைக் காலத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படிக்கும் பிள்ளைகளை அறிவோம். அவர்களுள் பலர் குப்பத்துப் பிள்ளைகளே. சாத்துவதற்கு ஜன்னல் இல்லாதவர்களும் உண்டு. நோயாளிகளும் கைக்குழந்தைகளும் எல்லாத் தெருக்களிலும் இருக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையில் திறந்த வெளியில் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. குடியிருப்புப் பகுதிகளுக்குப் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் என்று அளவு வகுத்திருக்கின்றன. மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் நீதிமன்றத்துக்கும் 100 மீட்டர் சுற்றளவு அமைதிப் பகுதியாக இருக்கலாம் என்கின்றன. இவை நல்ல விதிகள். மைக் செட்காரர் இவற்றை மதிக்க வேண்டும். கட்சிக் கூட்டத்தாரும் கலியாண மண்டபத்தாரும் அவ்வாறே மதிக்க வேண்டும்.

ஆனால் டெசிபெல் அளக்கும் கருவிக்குச் சாதி தெரியாது. நம் காதுகளுக்குத்தான் தெரிகிறது. சபாவில் எழுந்தால் நாதம், தெருவில் எழுந்தால் இரைச்சல் என்று பாட்டைக் கேட்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதிவிடுகிற காது அது. கிங்ஸ்டன் நகரத்துச் செல்வர்களும் தங்கள் தெருவின் இசையை ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணினார்கள். உலகம் வந்து அதைத் தலைமேல் தூக்கிக் கொண்டாடிய பிறகே அதன் அருமை அவர்களுக்குப் புலப்பட்டது. நம் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி ஒலிக்கும் கானாவின் அருமையை நமக்குச் சொல்ல அயலார் எவரும் வரவேண்டியதில்லை. அடுத்த மார்கழியில் சபாவுக்குப் போகிற அன்பர்கள் ஒரு மாலையை மிச்சம் பிடித்து, குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு, தெருவோரப் பாட்டு நடக்கும் இடத்துக்கும் போய் உட்காருங்கள். பாட்டு முடியும் வரையில் இருங்கள். நன்றாயிருந்தால் சபாவில் தட்டுகிற அளவுக்குக் கைதட்டுங்கள். நன்றாயில்லாவிட்டால், வித்வானிடம் குறை சொல்கிற அதே மரியாதையோடு பாடினவரிடமே சொல்லிவிட்டு வாருங்கள்.