சூட்டோடு ஒரு சண்டை

பெரம்பூரில் மூன்று மாடி வீடு ஒன்றின் உச்சியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே தண்ணீர் நிரப்பிய இரும்பு டிரம். அதன்மேல் பலகை. பலகையில் மூன்று மரக்கட்டைகளுக்கு நடுவே இறுக்கிய கண்ணாடி வட்டு, அதற்குமேல் இன்னொரு வட்டு. மேல்வட்டைத் தள்ளி, இழுத்து, கொஞ்சம் திருப்பி, ஓரடி நகர்ந்து, மறுபடி தள்ளி, டிரம்மைச் சுற்றிக்கொண்டே இருந்தார் பெரியவர். ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். விண்மீன்களைப் படம் பிடிக்க எப்படித் தொடங்குவது என்று கேட்டுத்தான் போயிருந்தேன்.

"கேமராவ அப்படி ஓரமா வைங்க தம்பி. மொதல்ல இதுல கை வைங்க. அழுத்தாதீங்க, அதுவா தேயும்."

இரண்டு வட்டுகளுக்கும் இடையே கார்பரண்டம் பொடியும் தண்ணீரும். மேல்வட்டு விளிம்பைத் தாண்டி நீளும்போது பாரமெல்லாம் அதன் நடுவிலும் கீழ்வட்டின் ஓரத்திலும் விழுகிறது. அதனால் மேலே உள்ளது குழிகிறது, கீழே உள்ளது மேடாகிறது. அச்சு கிடையாது, கடைசல் எந்திரம் கிடையாது. எல்லாத் திசையிலும் உரசும் இரண்டு பரப்புகள் கடைசியில் கோள வடிவத்துக்குத்தான் வந்து சேர முடியும். 6 அங்குலத் தொலைநோக்கி ஆடி, 1,200 மி.மீ. குவியத் தூரம் என்றால் நடுவில் ஆழம் சுமார் 1.2 மி.மீ.தான். இதை வைத்து நிலவின் பள்ளங்கள், சனியின் வளையம் எல்லாம் பார்த்துவிடலாம்.

80ஆம் எண் பொடியில் ஆரம்பித்து 120, 220 என்று நைசாகிக்கொண்டே போகிறார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் டிரம், பலகை, வாளி எல்லாவற்றையும் கழுவ வேண்டும். அங்கே கற்றுக்கொள்ள வரும் கல்லூரி மாணவி, பழைய பல் பிரஷால் தன் நகக்கண்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பழைய பொடியில் ஒரு துணுக்கு மிச்சமிருந்தாலும் மெருகேற்றும்போது கீறல் விழுந்துவிடுமாம்.

தேய்ப்பது எளிது. மெருகேற்றுவதுதான் சென்னையில் பெரும்பாடு. தார் போன்ற கீலை உருக்கி வட்டின்மேல் ஊற்றி, இறுகுவதற்குள் கட்டம் கட்டமாகக் கோடு இழுத்து, சீரியம் ஆக்ஸைடு குழம்பைத் தடவி, அதன்மேல் ஆடியை ஓட்ட வேண்டும். கீல் கல்லாகிவிட்டால் கண்ணாடியில் படியாது. இளகிவிட்டால் கோடுகள் மூடிக்கொள்ளும். கட்டைவிரல் நகத்தால் அழுத்தி, தழும்பு விழும் அளவைப் பார்த்தே பதம் சொல்கிறார் பெரியவர். சித்திரையில் காலை எட்டு மணிக்கு மேல் கீலைத் தொடுவதில்லை.

பிறகு கீழே, ஜன்னலை அடைத்த ஓர் அறைக்குக் கூட்டிப்போனார். மின்விசிறியை நிறுத்தினார். ஆடியை ஒரு மூலையில் நிறுத்தி, 2,400 மி.மீ. தள்ளி ஒரு சிறு விளக்கையும் அதன் பக்கத்தில் ஒரு சவர பிளேடையும் வைத்தார். திரும்பி வரும் ஒளியை பிளேடின் விளிம்பால் மெல்ல வெட்டினால் ஆடியின் மேடு பள்ளமெல்லாம் நிழலாகத் தெரியும். லியோன் ஃபூக்கோ 1858இல் கண்டுபிடித்த சோதனை. சரியான கோளமாக இருந்தால் ஆடி முழுக்க ஒரே சாம்பல் நிறம். நமக்கு வேண்டியது பரவளையம், அதற்கு வடை மாதிரி நிழல் விழ வேண்டும். இரண்டு வடிவங்களுக்கும் ஓரத்தில் உள்ள வித்தியாசம், ஒரு மில்லிமீட்டரில் மூவாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இந்த அளவு ஆடியைக் கோளமாகவே விட்டாலும் ஓரளவு ஓடிவிடும். அவர் விடுவதில்லை.

"இப்போ பாருங்க" என்று ஆடியின் முகத்தில் கட்டைவிரலைச் சில நொடிகள் வைத்து எடுத்தார். பிளேடு வழியே பார்த்தேன். விரல் பட்ட இடம் கட்டிபோல் வீங்கி நின்றது! விரல்சூட்டுக்கே கண்ணாடி உப்பிவிட்டது. பழையபடி சமமாகும்வரை நானும் அவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.

ஆடியைத் தாங்கும் பெட்டி ஒரு தச்சர் கைவேலை: ஒட்டுப்பலகை, சன்மைக்கா, டெஃப்லான் துண்டுகள், அவ்வளவுதான். இந்த அமைப்பைப் பரப்பிய ஜான் டாப்சன், சான்ஃபிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண இயக்கத்தின் வேதாந்த சங்கத் துறவி. ரகசியமாகத் தொலைநோக்கி செய்துகொண்டிருந்தவரை 1967இல் வெளியேற்றிவிட்டார்கள். அதற்கப்புறம் நடைபாதையில் தொலைநோக்கியை நிறுத்தி, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் வானத்தைக் காட்டினார். (மடத்துக்கு நஷ்டம், நமக்கு லாபம்.)

டாப்சன் பெட்டியில் கைபேசியைப் பொருத்தி நிலவை எடுக்கலாம், வியாழனை எடுக்கலாம். மங்கலான நெபுலாவுக்கு நீண்ட நேரத் திறப்பு வேண்டும். வானமோ நொடிக்கு 15 வில்நொடி நகர்கிறது. அதற்கும் தச்சரிடம் வழி இருக்கிறது. கதவுக்கீல் போட்டு இணைத்த இரண்டு பலகைகள், அந்தக் கீலிலிருந்து 22.8 செ.மீ. தள்ளி 1 மி.மீ. புரியுள்ள திருகு. நிமிடத்துக்கு ஒரு சுற்று திருகினால் மேல்பலகையில் இருக்கும் கேமரா வானத்தோடு போகும். கதவுக்கீலின் அச்சு துருவ விண்மீனைப் பார்க்க வேண்டும், அங்கேதான் சிக்கல். சென்னையில் அது 13 பாகை உயரத்தில், பக்கத்து வீட்டுத் தொட்டிக்குப் பின்னால் புழுதியில் கிடக்கிறது. அதனால் அமாவாசையை ஒட்டி ஜவ்வாது மலைப் பக்கம் கிளம்புகிறார்கள். காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இலிருந்து இயங்குவதும் அந்த மலையில்தான். அதன் ஆடியும் நம் நாட்டில், பெங்களூரில் மெருகேறியது என்பதில் பெரியவருக்குத் தனிப் பெருமை.

மாணவி மடிக்கணினியில் ஓரியன் நெபுலாவைக் காட்டினாள். முப்பது முப்பது நொடியாக எடுத்த படங்களை சிரில் என்ற இலவச மென்பொருளில் அடுக்கியது. கூடவே, லென்ஸை மூடிவிட்டு அதே நேர அளவில் எடுத்த கறுப்புப் படங்கள் ஒரு கோப்புறை நிறைய. உணரியின் சூடு ஆறேழு பாகை ஏறினால் இரைச்சலைக் கிளப்பும் மின்னோட்டம் இரட்டிப்பாகும். அந்த இரைச்சலை மட்டும் பதிந்து, கழித்துவிடத்தான் இவை. மார்கழியில் எடுத்தது பங்குனிக்கு உதவாது.

"மூடி போட்டு எடுக்கற படத்துக்குக்கூட வெயில் கணக்கா?" என்றேன்.

"அதான் சார், நைட்டு ரெண்டு மணிக்கு மாடியில உக்காந்து இருட்ட போட்டோ எடுத்துட்டு இருக்கேன். அம்மா திட்றாங்க."

கடையில் 60 மி.மீ. குழாயின்மேல் '500 மடங்கு' என்று அச்சடித்து விற்பதை வாங்கலாமா என்று பெரியவரிடம் கேட்டேன். 120 மடங்குக்கு மேல் போனால் அதில் கலங்கல்தான் பெரிதாகும் என்றார். 10x50 இருகண்நோக்கி ஒன்று வாங்கி ஒரு வருஷம் வானத்தைப் படிக்கச் சொன்னார். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் கார்த்திகை மழை விட்டதும் வரலாம், கீல் அப்போதுதான் சொன்னபடி கேட்குமாம்.