மொட்டைன்னு சொல்லாதீங்க!

செமஸ்டர் லீவுக்கு நீங்க ஊட்டி, கொடைக்கானல்னு கிளம்பியிருப்பீங்க. எனக்கு அடிச்சது அமெரிக்கா சான்ஸ். ஸ்போகேன் நகரத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்கு! டிசம்பர் கடைசி வாரம், விடியற்காலையில் போர்வையை உருவி, "கழுகு பார்க்கப் போறோம், எழுந்திருடா" என்றாள் அக்கா.

காரில் ஒரு மணி நேரம். ஐடஹோ மாநிலத்தின் கோர் டலேன் ஏரி. இங்கே உல்ஃப் லாட்ஜ் பே என்கிற மூலையில்தான் ஒவ்வொரு குளிர்காலமும் வெண்தலைக் கழுகுகள் கூடுகின்றன. காரணம், கோகனி மீன். முட்டையிட்டதும் இந்த மீன்கள் செத்துப்போகும். கழுகுகளுக்கோ கல்யாணப் பந்தி!

குளிரில் பல் தந்தியடிக்குதா? பரவாயில்லை, பைனாகுலரை எடுத்து மர உச்சியைப் பாருங்க. 'பால்டு ஈகிள்'னு பேர் இருக்கேன்னு மொட்டையைத் தேடாதீங்க. தலை நிறைய வெள்ளை இறகு! அதுவும் ஐந்து வயசு வாக்கில்தான் வருமாம். அதுவரை பழுப்புத் தலை. ஃபர்ஸ்ட் இயர் பசங்க மாதிரி யாரும் கண்டுக்க மாட்டாங்க.

அதோ, ஒண்ணு கிளம்பிடுச்சு. ரெண்டு மீட்டர் சிறகை விரிச்சு, தண்ணியை ஒட்டிப் பறந்து, கால் மட்டும் நனைய ஒரே அள்ளு. மீன் அவுட்! உடனே இன்னொண்ணு அதைப் பிடுங்கத் துரத்துது. 2024-ல் சட்டப்படி தேசியப் பறவை ஆனவர் பண்ற வேலையா இது?

அடுத்துதான் ஹைலைட். உயரத்தில் ரெண்டு கழுகுகள் நகங்களைக் கோத்துக்கிட்டு, ராட்டினமாச் சுத்திக்கிட்டே விழுந்து, கீழே வந்ததும் சட்டுனு பிரிஞ்சது. ஜோடி சேரும்போது இப்படி ஆடுமாம். சண்டையிலும் இதே ஸ்டெப்தானாம்! "இது காதலா, சண்டையா மாமா?" என்றேன். அக்காவை ஓரக்கண்ணால் பார்த்த மாமா, "கல்யாணமானவன்கிட்ட கேட்கிற கேள்வியா இது?" என்றார்.

இந்த ஆட்டமே நின்னுபோயிருக்க வேண்டியது. பூச்சியைக் கொல்லத் தெளிச்ச டி.டி.டி. தண்ணியில் கலந்து, மீன் வழியாகக் கழுகுக்குள் போச்சு. முட்டை ஓடு மெலிஞ்சு, அடைகாக்கிற பறவையின் எடையிலேயே உடைஞ்சுது. 1963-ல் அலாஸ்கா, ஹவாய் தவிர்த்த 48 மாநிலங்களிலும் சேர்த்து, கூடு கட்டிய ஜோடிகள் வெறும் 417. 1972-ல் டி.டி.டி-க்குத் தடை வந்தது. 2007-ல் அழிவு அபாயப் பட்டியலில் இருந்து கழுகுக்கு விடுதலை. 2021-ல் வந்த அரசு அறிக்கைப்படி, சுமார் 71,400 ஜோடிகள்!

டி.டி.டி. பூச்சியைக் கொல்லும்னு கண்டுபிடிச்சவருக்கு 1948-ல் நோபல் பரிசு கிடைச்சது. அவரும் நல்லதுக்குத்தான் செஞ்சார். நாளைக்கு நாமும் எதையாவது உருவாக்கத்தான் போறோம் பாஸ்.

'என்விரான்மென்டல் சயின்ஸ்' புத்தகத்தை எக்ஸாமுக்கு முந்தின ராத்திரி மட்டும் புரட்டின ஆள் நான். அரியர் இல்லைன்னாலும், இப்போ அதை மறுபடி மேஜைக்கு எடுத்திருக்கேன். உங்களுடையது எந்தப் பரண்ல இருக்கு?