அப்பா சொன்னதுதான் சரி

என் ஞாபகசக்தியைப் பற்றி நான் அடித்துக்கொண்ட பெருமைக்கு அளவில்லை. நாகர்கோவில்காரன் நான். 1907-இல் சென்னை விக்டோரியா பொது மண்டபத்தில் நூறு காரியங்களை ஒருசேரக் கவனித்துக் காட்டிய சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் எங்கள் இடலாக்குடிக்காரர். அந்த ஊர்த் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன் என்று மேடையில் சொல்லிக் கைத்தட்டல் வாங்கியிருக்கிறேன். ஆசிரியர் வேலை. விடுமுறை நாட்களில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நினைவாற்றல் வகுப்பும் எடுப்பேன்.

வகுப்பில் சொன்னதில் பொய் இல்லை. எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, அதில் பெரும்பகுதி முதல் நாளுக்குள்ளேயே நழுவிவிடுவதை 1885-இல் அளந்து காட்டினார். ஆகவே ஒருநாள் விட்டு, ஒரு வாரம் விட்டுத் திரும்பப் பாருங்கள் என்பேன். புத்தகத்தை மூடிவிட்டு உங்களையே கேள்வி கேளுங்கள் என்பேன். 2006-இல் ரோடிகரும் கார்ப்பிக்கும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் தம்மையே சோதித்துக்கொண்டவர்கள் முந்தினார்கள். தூக்கத்தைக் கெடுக்காதீர்கள், படித்தது தூக்கத்தில் நன்றாகப் படியும் என்றும் சொல்வேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து நள்ளிரவு தாண்டியும் போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். விதியெல்லாம் மற்றவர்களுக்கு.

அப்பாவுக்கு இதயத்தில் உலோக வால்வு. அதில் ரத்தம் கட்டாமலிருக்க தினமும் ராத்திரி மாத்திரை. குறைந்தால் ரத்தம் கட்டி மூளைக்குப் போகலாம். கூடினால் உள்ளே எங்கேயாவது கசியும். ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையில் 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் நிற்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். கிழமை போட்ட மாத்திரைப் பெட்டி வாங்கலாம் என்றாள் மனைவி. "ஒரு மாத்திரைய ஞாபகம் வெக்கத் தெரியாதவனா நான்?" என்று சிரித்தேன். காலண்டரிலாவது குறிக்கலாம் என்றாள். அதற்கும் சிரிப்புதான்.

ஒருநாள் ராத்திரி மாத்திரையை நீட்டினேன்.

"தின்னாச்சே மக்கா," என்றார் அப்பா.

"அது நேத்து."

"இல்ல மக்கா, இப்பதான் வெள்ளம் குடிச்சேன்."

"எனக்குத் தெரியாதாப்பா? வயசாச்சுல்லா, அப்படித்தான் தோணும்."

என் கண் போனில் இருந்தது. அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு வாங்கி விழுங்கினார். மகன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விழுங்கினார்.

இப்படி எத்தனை ராத்திரி நடந்ததோ, எனக்குத் தெரியாது. தெரியாது என்பதுதான் குற்றமே. தினமும் செய்கிற வேலையைக் கை செய்துவிடும். மனம் அங்கே இருக்க வேண்டியதில்லை. நேற்றைய மாத்திரையும் இன்றைய மாத்திரையும் ஒன்றுபோல இருப்பதால் எதுவும் தனியாகப் பதியாது. பெரிய ஞாபகசாலிக்கும் இதே கதிதான். அவதானம் செய்பவர்கள் முதுகில் விழும் கல்லைக்கூட எண்ணிச் சொல்வார்கள். அதற்கென்று மனத்தை ஒதுக்கி வைப்பார்கள். நான் என் அப்பாவின் மாத்திரைக்கு ஒதுக்கவில்லை.

ஒருநாள் விடியற்காலையில் அவர் மூக்கிலிருந்து வந்த ரத்தம் நிற்கவில்லை. மலம் கறுத்துப் போவதைக் கூச்சப்பட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். ஐ.என்.ஆர். 8-ஐத் தாண்டியிருந்தது. வைட்டமின் கே கொடுத்தார்கள். பிளாஸ்மா ஏற்றினார்கள். "மாத்திரை யார் குடுக்கிறது?" என்று டாக்டர் கேட்டார்.

"வீட்லதான் குடுக்கோம்," என்றேன். சொல்லும்போது மனைவி பக்கம் திரும்பினேன். தற்செயலாக அல்ல. தெரிந்தே திரும்பினேன்.

டாக்டர் அவளைத் திட்டினார். எண்ணிக் கொடுக்கத் தெரியாதா என்று கேட்டார். வார்டே பார்த்தது. நான் வாயைத் திறக்கவில்லை. நினைவாற்றல் வகுப்பு எடுக்கிறவன் அப்பாவுக்கு மாத்திரை கொடுத்ததை மறந்துவிட்டான் என்று ஊருக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம். அப்பா பிழைப்பாரா என்ற பயத்தைவிட அந்த நேரத்தில் அது பெரிதாக இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் அப்படித்தான் இருந்தது.

அப்பா பிழைத்தார். ஆனால் தனக்கு மறதி நோய் வந்துவிட்டதாக நம்பத் தொடங்கினார். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொன்னார். காலையில் டீக்கடைக்குத் தனியாகப் போய்வந்தவர், வழி தப்பிவிடும் என்று நிறுத்திக்கொண்டார். அவர் ஞாபகத்தில் ஒரு குறையும் இல்லை. அன்று சரியாகச் சொன்னவர் அவர்தான்.

இப்போது பெட்டி வாங்கியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை நானும் அப்பாவும் சேர்ந்து நிரப்புகிறோம். ராத்திரி சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்ததும் மாத்திரை. நாள்தோறும் தவறாத ஒரு வேலையோடு சேர்த்துவிட்டதால் நேரம் தப்புவதில்லை. அப்பாவே எடுத்து விழுங்கி, "வியாழன் ஆச்சு" என்று சத்தமாகச் சொல்கிறார். உடனே காலண்டரில் கோடு போடுகிறேன். போன் அடுத்த அறையில். பெட்டியில் அன்றைய கட்டம் காலியாக இருந்தால் தின்றாயிற்று என்று அர்த்தம். என் வாய்ச்சொல்லுக்கு அங்கே வேலை இல்லை. வகுப்பில் மட்டும் இதைச் சொல்லித்தருவதில்லை. எப்படிக் கற்றீர்கள் என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால்?

மனைவியிடம் ஒப்புக்கொண்டேன். "அத டாக்டர்ட்ட சொல்லுங்க," என்று மட்டும் சொன்னாள். அப்பாவிடமும் சொன்னேன். "உனக்கு மறக்காது மக்கா, எனக்குத்தான்," என்கிறார். எத்தனை சொல்லியும் ஏற்கவில்லை. மாதாமாதம் பரிசோதனைக்குப் போகிறோம். மனைவி இப்போது உள்ளே வருவதில்லை. டாக்டரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.