சாருடைய பாட்டுப் பெட்டி



போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் அரியமங்கலம் வீட்டுக்கு வந்திருந்தார். சென்னையில் மென்பொருள் வேலை. கூடத்து அலமாரியில் இருக்கிற கேரவான் பெட்டியைப் பார்த்துவிட்டு, "டீச்சர், போன்லயே எல்லாப் பாட்டும் இருக்கே, இது எதுக்கு?" என்று கேட்டார். அப்போது சிரித்து மழுப்பி, காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். ஆனால் கேள்வி மனதிலேயே நின்றுவிட்டது. அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலை உங்கள் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் வீட்டு சாரை உங்களில் பலருக்குத் தெரியும். பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் சங்கு ஊதுவதற்குள் சைக்கிளை மிதித்துப் போய்ச் சேர்ந்துவிடுவார். இரும்பில் மயிரிழை வித்தியாசத்தைக்கூட விரலால் தடவியே சொல்லுகிற கை. தெருவில் யார் வீட்டு டூ இன் ஒன் பழுதானாலும் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். பெல்ட் மாற்றுவார், ஸ்பிரிட் தொட்டு ஹெட்டைத் துடைப்பார், மூடித் திருகிப் பாடவைத்துக் கொடுப்பார். காசு வாங்க மாட்டார். ஒரு பாட்டு முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் திருப்பிக் கொடுப்பார், அதுதான் கூலி.

பாட்டென்றால் அவருக்கு அவ்வளவு உயிர். சின்ன வயதில் இலங்கை வானொலி. சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு கேசட். மெயின்கார்டுகேட் பக்கம் ரெக்கார்டிங் கடையில் நோட்டுத்தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து, 90 நிமிடக் கேசட்டில் பதியச் சொல்லிவிட்டு வருவார். வாங்கப் போகிற அன்று வீட்டில் திருவிழா மாதிரி இருக்கும். டேப் சுருண்டுகொண்டால் பென்சிலை விட்டுச் சுற்றுவதற்கு என் பள்ளிக்கூடப் பைதான் அவருக்குக் கடை.

2016இல் அவருடைய வலது கைக் கட்டைவிரல் தானாக ஆட ஆரம்பித்தது. முதலில் வயசுக் கோளாறு என்று நினைத்தோம். டாக்டர் நடுக்குவாதம் என்றார், பார்க்கின்சன் நோய்.

அதே ஆண்டு செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று ஜியோ வந்தது. இன்டர்நெட் இலவசம் என்றதும் நாடே போனும் கையுமாக ஆனது உங்களுக்கு நினைவிருக்கும். பெங்களூரிலிருந்து மகன் ஒரு நல்ல போன் வாங்கி அனுப்பினான். "அப்பா, உலகத்துல இருக்குற எல்லாப் பாட்டும் இதுல இருக்கு" என்றான். பொய்யில்லை. எம்.கே.டி.யிலிருந்து நேற்று வந்த பாட்டு வரை எல்லாம் இருந்தது.

ஆனால் தொடுதிரை நடுங்கும் விரலுக்குச் செய்ததல்ல. ஒரு தரம் தொட்டால் அது இரண்டு தரம் தொட்டதாக எடுத்துக்கொள்ளும். விரல் சற்று இழுத்தால் பக்கமே நகர்ந்துபோகும். வயதாகி விரல் நுனி காய்ந்துவிட்டால் சில சமயம் தொட்டதே அதற்குத் தெரியாது. சுசீலா பாட்டைத் தொடப் போனால் விளம்பரம் திறக்கும், அதை மூடப் போனால் செய்தி விவாதத்தில் நாலு பேர் கத்துவார்கள். சார் போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு ஜன்னலைப் பார்ப்பார்.

ஒருநாள் நான் சொன்னேன். "ஒண்ணாங்கிளாஸ் புள்ளை ரெண்டு நாள்ல கத்துக்குது. உங்களுக்கு மனசில்ல, அதான்."

அவர் பதில் பேசவில்லை. அதன் பிறகு போனையும் தொடவில்லை. யாரையாவது கூப்பிட்டு "ஒரு பாட்டுப் போடு" என்று கேட்கிற ஆள் இல்லை அவர். சில மாதம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது, வீட்டில் பாட்டுச் சத்தமே கேட்டு நாளாயிற்று என்று.

இனி பெட்டியின் கதைக்கு வருகிறேன்.

நாய் ஒன்று ஒலிபெருக்கிக் குழாய் முன் உட்கார்ந்திருக்கும் எச்.எம்.வி. படத்தை மறந்திருக்க மாட்டீர்கள். இந்தியாவில் அந்த முத்திரையை வைத்திருந்தது கல்கத்தாவின் கிராமபோன் கம்பெனி. டம்டம்மில் அவர்களுக்குத் தட்டுத் தொழிற்சாலை இருந்தது. பக்கத்துக்கு மூன்று நிமிடம் ஓடுகிற 78 சுழல் தட்டு காலத்திலிருந்து நம் நாட்டுப் பாட்டுச் சந்தையில் பல காலம் அவர்கள்தான் ராஜா. 1980களில் கேசட் வந்தது. டெல்லியில் பழச்சாறுக் கடைக்காரர் மகனான குல்ஷன் குமார், டி சீரிஸ் என்ற பெயரில் மலிவு விலைக் கேசட்டைப் பெட்டிக்கடை வரை கொண்டுபோய் அந்த ராஜாவின் நாற்காலியை ஆட்டிவிட்டார். பிறகு எம்.பி.3 சிடி, பென் டிரைவ், மெமரி கார்டு. மொபைல் கடையில் சில்லறையைக் கொடுத்து நூற்றுக்கணக்கில் பாட்டு ஏற்றிக்கொண்டோம். எச்.எம்.வி. கம்பெனி சரிகம என்று பெயர் மாறியது. கையில் லட்சத்துக்கும் மேற்பட்ட பாட்டுகளின் உரிமை, ஆனால் கடையில் வாங்க ஆளில்லை.

அந்தக் கம்பெனிதான் 2017இல் கேரவானைக் கொண்டுவந்தது. ஜியோ வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஊரெல்லாம் பாட்டு இலவசமாகக் கொட்டுகிறபோது, ஏறக்குறைய 6 ஆயிரம் ரூபாய்க்குப் பழைய டிரான்சிஸ்டர் மாதிரி ஒரு பெட்டியைச் செய்து 5,000 பழைய பாட்டை உள்ளே அடைத்து விற்க வந்தார்கள். இந்திப் பாட்டோடு முதலில் வந்தது, பிறகு தமிழிலும் வந்தது. இன்டர்நெட் வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம், நடுவில் விளம்பரமும் கிடையாது. பெரிய திருகைத் திருப்பினால் பாடுகிறவர், இசையமைத்தவர் என்று வரிசையாக வரும். சார்ஜ் போட்டால் நாலைந்து மணி நேரம் பாடும். வயதானவர்கள் பாட்டுக் கேட்பதை விட்டதற்குக் காரணம் ஆசை குறைந்தது அல்ல, புதுக் கருவிகள் குழப்புவதுதான் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டே இதைச் செய்ததாக அதன் நிர்வாக இயக்குநர் விக்ரம் மெஹ்ரா பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பெட்டி லட்சக்கணக்கில் விற்றது. பிள்ளைகள் பெற்றோருக்கு வாங்கிக் கொடுக்கிற பரிசாக ஆகிவிட்டது.

பெரியவனோடு மோதுகிறவர்கள் பெரும்பாலும் வேறு மாதிரி மோதுவார்கள். 2001இல் ஆப்பிள் கம்பெனி ஐபாட் கொண்டுவந்தது, சட்டைப் பையில் 1,000 பாட்டு. அதை வீழ்த்த 2006இல் மைக்ரோசாப்ட் ஸூன் என்று ஒன்றை இறக்கியது. பணத்துக்கா பஞ்சம்? கருவியும் மட்டமில்லை என்றுதான் மகன் சொல்கிறான். பக்கத்திலிருக்கிற இன்னொரு ஸூனுக்குக் கம்பியில்லாமல் பாட்டை அனுப்பலாம், ஆனால் வாங்கியவர் அதை மூன்று முறை அல்லது மூன்று நாள்தான் கேட்கலாம். பக்கத்தில் இன்னொரு ஸூன் இருந்தால்தானே அனுப்புவது? ஐபாட் ஏற்கெனவே வைத்திருந்தவர்களிடமே போய் இதை வாங்கு என்றார்கள். 2011இல் கடையைக் கட்டினார்கள். ஐபாடையும் பிறகு போன் விழுங்கியது, 2022இல் அதுவும் நின்றுபோயிற்று.

இலங்கை வானொலிக் கதையும் இதற்குப் பக்கத்தில் வைக்க வேண்டியது. 1952இல் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானார். சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கிறது என்று அகில இந்திய வானொலியில் அதை ஓரங்கட்டினார். கேட்கிறவர்கள் கடலைத் தாண்டிக் கொழும்புக்குப் போய்விட்டார்கள். 1957இல் விவித் பாரதி தொடங்கித்தான் அவர்களைத் திரும்பக் கூப்பிட வேண்டியிருந்தது. இத்தனைக்கும் நம் திருச்சி நிலையம் 1939இலிருந்து இருக்கிறது. வீட்டு வாசலில் வானொலி நிலையம், ஆனால் சார் சின்னப் பையனாக இருந்தபோது அவர் வீட்டு முள் நின்றது கொழும்பில். பெரியவர்கள் கவனிக்காமல் விட்ட ஆட்களிடம்தான் புதிதாக வருகிறவனுக்கு இடம் கிடைக்கிறது.

2018இல் நான் ஓய்வு பெற்றேன். வந்த பணத்தில் முதல் செலவாகத் தில்லைநகர் கடை ஒன்றில் அந்தப் பெட்டியை வாங்கி வந்தேன். சார் முன்னால் வைத்தேன். எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. முன்பு பட்டது போதும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். பிறகு திருகின் மேல் உள்ளங்கையை வைத்தார். கை நடுங்கத்தான் செய்தது. ஆனால் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று இருந்ததால் நடுக்கம் அடங்கின மாதிரி இருந்தது. திருப்பினார். டி.எம்.எஸ். குரல் வந்தது. இரண்டாவது பாட்டு முடியும்போது என்னைப் பார்த்து, "திருகுனா கைக்குத் தெரியுதும்மா" என்றார். ஃபிட்டர் பேச்சு. நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

ஏன் அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன். என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். பென்சிலைப் பிடிக்க விரல் ஒத்துழைக்காது. நான் அவனை மக்கு என்று ஒரு நாளும் சொன்னதில்லை. பென்சிலை வாங்கி வைத்துவிட்டு, தடித்த சாக்பீஸைக் கொடுத்துத் தரையில் எழுதச் சொன்னேன். மூன்று மாதத்தில் எழுதினான். கையைக் குறை சொல்லாதே, கருவியை மாற்று என்று பயிற்சிப் பள்ளியில் படித்ததை ஊரார் பிள்ளைகளிடம் முப்பது வருடம் கடைப்பிடித்தவள், என் வீட்டு மனிதரிடம் மறந்துபோனேன். போன் நல்ல போன், அதைக் கற்றுக்கொள்ளாதது அவர் குறை என்று முடிவு கட்டிவிட்டேன்.

பின்னால் ஒருநாள், "அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுங்க" என்றேன். "என்ன சொன்ன? ஞாபகமே இல்லையே" என்றார். அவருக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

பெட்டி போனை ஜெயித்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. போன் இன்றைக்கும் ராஜாதான். பெட்டியில் 5,000 பாட்டுதான், அதுவும் அந்தக் கம்பெனியிடம் உரிமை உள்ளவை மட்டும். சார் ஒருநாள் கேட்ட பாட்டு அதில் இல்லை. லீவுக்கு வந்திருந்த பேத்தி, "இருங்க தாத்தா" என்று தன் போனில் தேடி, புளூடூத்தில் பெட்டிக்கு அனுப்பிவிட்டாள். "அப்பாயி, போன் தேடிக் குடுக்குது, பெட்டி பாடுது" என்றாள். சத்தத்தைக் கூட்டியது சார். எங்கள் வீட்டில் அந்தச் சண்டை அதோடு முடிந்தது.

இப்போது அவருக்குக் கை இன்னும் தளர்ந்துவிட்டது. சில நாள் திருகும் நகர்வதில்லை. காலையில் மாத்திரை கொடுத்த பிறகு, அவர் கையின் மேல் என் கையை வைத்துத் திருப்புகிறேன். அனா ஆவன்னா எழுதப் பழக்குகிற மாதிரிதான். எந்தப் பாட்டில் நிறுத்த வேண்டும் என்பதை மட்டும் அவர் விரல்தான் சொல்லும். நான் அழுத்துவதில்லை.

வந்திருந்த மாணவருக்கும், போனும் ஆப்பும் செய்கிற, விற்கிற மற்றப் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். செய்துமுடித்த எதையும் வெளியே விடுவதற்கு முன்னால், எழுபது வயதில் கை நடுங்குகிற ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். பக்கத்தில் உட்காருங்கள், வாய் பேசாதீர்கள். அவர் திணறினால் அவரைத் திருத்தாதீர்கள், உங்கள் வேலையைத் திருத்துங்கள்.

பெற்றவர்களுக்குப் போன் வாங்கிக் கொடுத்திருக்கிற பிள்ளைகளுக்கும் ஒன்று. இன்று ராத்திரி பேசும்போது, "கடைசியா எப்போப்பா பாட்டுக் கேட்டீங்க?" என்று கேளுங்கள். பதில் வரத் தாமதமானால் என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.

திருச்சி பக்கம் வந்தால் அரியமங்கலம் வீட்டுக்கு வாருங்கள். சாருக்கு ஆள் வந்தால் சந்தோஷம். உங்களுக்குப் பிடித்த பாட்டைக் கேட்டுத் திருப்பிப் போடுவோம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்