2 வருடம், 9 மாதம், 22 நாள்

ஒரு ஓவியத்துக்கு எவ்வளவு தண்டனை கொடுக்கலாம்? துருக்கியில் மார்தின் நகர நீதிமன்றம் 2017 மார்ச் மாதம் இதற்கு ஒரு கணக்குப் போட்டது. 2 வருடம், 9 மாதம், 22 நாள். வருடமும் மாதமும்கூடப் புரிகிறது. அந்த 22 நாள்தான் என்னை உட்கார வைத்து யோசிக்க வைத்தது. வட்டிக் கணக்கில் நாள் கணக்குப் பார்ப்பது போல இத்தனை துல்லியமாக அளந்து கொடுக்கும் அளவுக்கு அந்த ஓவியத்தில் அப்படி என்னதான் இருந்தது?

நான் பி.காம். படிக்கிறவள். ஓவியத்துக்கும் எனக்கும் ஸ்கூலில் கிடைத்த ஒரு கலர் பென்சில் டப்பா அளவுக்குத்தான் சம்பந்தம். "பரீட்சைக்குப் படிக்காம துருக்கியில யாரோ படம் வரைஞ்சதைப் பத்தி உனக்கென்னடி?" என்று என் தோழி கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனாலும் சில விஷயங்கள் வந்து ஒட்டிக்கொண்டால் போவதில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அவர் பெயர் ஸெஹ்ரா டோகான். (எழுதும்போதுதான் 'கா' இருக்கிறது. துருக்கியர்கள் சொல்லிக் கேட்டால் 'தோஆன்' மாதிரி ஒலிக்கும்.) 1989ல் தியார்பகிர் நகரத்தில் பிறந்தவர். துருக்கிக் குடியுரிமை, ஆனால் இனத்தால் குர்து. 'துருக்கி ஓவியர்' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அவர் கதையே அந்த வார்த்தைக்குள் அடங்காமல் போனதால் வந்த கதைதான். குர்து மொழியில் புத்தகமோ பத்திரிகையோ வெளியிடுவதைத் தடை செய்ய 1983ல் துருக்கியில் ஒரு சட்டமே போட்டார்கள். 1991ல்தான் அது நீக்கப்பட்டது. ஸெஹ்ரா பிறந்தபோது அவர் தாய்மொழியில் ஒரு பத்திரிகை அச்சடிப்பது குற்றம். தாலாட்டுப் பாடும் மொழியில் தலைப்புச் செய்தி போட முடியாது என்றால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

தியார்பகிரின் திஜ்லே பல்கலைக்கழகத்தில் நுண்கலை படித்தார். ஆனால் வெறும் ஓவியராக நிற்கவில்லை. 2012 மார்ச் 8ம் தேதி, மகளிர் தினத்தன்று, ஜின்ஹா என்ற செய்தி நிறுவனம் தொடங்கியது. அதைத் தொடங்கியவர்களில் இவரும் ஒருவர். செய்தி சேகரிப்பதிலிருந்து எடிட் செய்வது வரை எல்லா வேலையும் பெண்களே செய்த நிறுவனம் அது. அப்போது அவருக்கு வயது 22. நான் இப்போது டேலி கற்றுக்கொண்டிருக்கும் வயது!

2014 ஆகஸ்டில் ஐ.எஸ். அமைப்பு இராக்கின் சிஞ்சார் பகுதியில் புகுந்து யாஸிதிப் பெண்களை ஆயிரக்கணக்கில் பிடித்துக்கொண்டு போனது. தப்பி வந்த பெண்களிடம் பேசி ஸெஹ்ரா எழுதிய செய்திகளுக்கு 2015ல் மெதின் கோக்தெபே விருது கிடைத்தது. மெதின் கோக்தெபே யார் என்றால், 1996ல் போலீஸ் காவலில் அடித்துக் கொல்லப்பட்ட துருக்கிப் பத்திரிகையாளர். அவர் பெயரில் விருது வாங்கிய பெண்ணை அடுத்த வருடமே போலீஸ் பிடித்துக்கொண்டு போனது.

இனி அந்த ஓவியம்.

துருக்கி அரசுக்கும் பி.கே.கே. என்ற குர்து ஆயுத அமைப்புக்கும் இருந்த போர்நிறுத்தம் 2015 ஜூலையில் முறிந்தது. குர்து நகரங்களில் இளம் போராளிகள் தெருக்களில் பள்ளம் தோண்டித் தடுப்பு வைத்தார்கள். அரசு 24 மணி நேர ஊரடங்கு போட்டு, பீரங்கிகளோடு உள்ளே போனது. 2015 ஜூலையிலிருந்து 2016 டிசம்பர் வரை சுமார் 2,000 பேர் இறந்ததாகவும், 5 லட்சம் பேர் வரை இடம்பெயர்ந்ததாகவும் ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் 2017 அறிக்கை சொல்கிறது. இறந்தவர்களில் சுமார் 800 பேர் பாதுகாப்புப் படையினர் என்பதையும் அதே அறிக்கைதான் சொல்கிறது. இரண்டு பக்கமும் எழுதினால்தானே கணக்கு?

சிரியா எல்லையை ஒட்டிய நுசைபின் என்ற ஊரில் 2016 மார்ச் மாதம் ஊரடங்கு தொடங்கியது. ஸெஹ்ரா உள்ளேதான் இருந்தார். செய்தி அனுப்பினார், நேரம் கிடைத்தபோது வரைந்தார். சண்டை ஓய்ந்த சமயம், இடிந்து கிடக்கும் கட்டடங்கள் மேல் துருக்கிக் கொடிகள் தொங்கும் புகைப்படம் ஒன்று வெளியானது. அதை எடுத்துப் பரப்பியவர்கள் பாதுகாப்புப் படைத் தரப்பினர். 'ஊரைப் பிடித்துவிட்டோம்' என்ற வெற்றிப் படம்.

ஸெஹ்ரா அந்தப் புகைப்படத்தைப் பார்த்து அப்படியே வரைந்தார். அதே இடிபாடு, அதே கொடிகள், அதே புகை. ஒரே ஒரு இடத்தில்தான் மாற்றினார். தெருவில் நின்ற கவச வண்டிகளைத் தேள் மாதிரியான ராட்சதப் பூச்சிகளாக ஆக்கிவிட்டார். அதைத் தன் ட்விட்டர் கணக்கில் போட்டார்.

துருக்கியில் 2016 ஜூலை 15 ராணுவப் புரட்சி முயற்சி தோற்று, 20ம் தேதி அவசரநிலை அறிவித்தார்கள். மறுநாள் 21ம் தேதி ஸெஹ்ரா கைது. அக்டோபரில் ஜின்ஹாவையும் அரசாணை போட்டு மூடிவிட்டார்கள். டிசம்பரில் விடுதலையாகி, விசாரணை நடந்தது. பயங்கரவாத அமைப்பின் உறுப்பினர் என்ற குற்றச்சாட்டில் அவர் குற்றமற்றவர் என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனால் 'பிரசாரம்' செய்தார் என்று தண்டனை. ஆதாரம் என்ன? அந்த ஓவியம், ஒரு 10 வயதுச் சிறுமி சொன்னதை அவர் செய்தியாகப் போட்டது, சமூக வலைதளப் பதிவுகள்.

தணிக்கைப் பாடத்தில் எங்களுக்கு முதலில் சொல்லித்தருவது வவுச்சர் பற்றி. எந்தப் பதிவுக்கும் அடிப்படையில் ஒரு சான்று இருக்க வேண்டும். சான்று சரியாக இருந்தால் பதிவில் குறை சொல்ல முடியாது. ஸெஹ்ராவின் ஓவியத்துக்கு வவுச்சர் எது? படைத்தரப்பே எடுத்த புகைப்படம்! புகைப்படத்தை வெளியிட்டவர்கள் யாரும் ஜெயிலுக்குப் போகவில்லை. வரைந்தவர் போனார். கொடியை அங்கே தொங்கவிட்டது நானல்ல, அவர்கள் செய்ததை நான் வரைந்தேன், அவ்வளவுதான் என்ற பொருளில் தீர்ப்புக்குப் பிறகு அவரும் சொன்னார்.

'குவெர்னிகா' ஓவியத்தைப் பார்த்து ஒரு ஜெர்மன் அதிகாரி "இதைச் செய்தது நீயா?" என்று கேட்க, "இல்லை, நீங்கள்தான்" என்று பிக்காசோ பதில் சொன்னதாக ஒரு கதை உண்டு. நிஜமாக நடந்ததோ இல்லையோ, பிக்காசோ ஜெயிலுக்குப் போகவில்லை.

யோசித்துப் பார்த்தால் நீதிமன்றம் கோபப்பட்டதற்கும் ஒரு காரணம் தெரிகிறது. புகைப்படம் 'நாங்கள் ஜெயித்தோம்' என்று சொன்னது. ஓவியம் அதே காட்சியை 'இங்கே ஒரு ஊர் இருந்தது' என்று சொன்னது. ஒரு கோட்டைக்கூடப் பொய்யாகப் போடாமல் அர்த்தத்தை மாற்றுவது பொய் சொல்வதைவிட ஆபத்தானது போலிருக்கிறது.

2017 ஜூன் 12ல் மறுபடி சிறை. இந்த முறை தியார்பகிரில். 1980 ராணுவ ஆட்சிக்குப் பிறகு குர்து கைதிகளைச் சித்திரவதை செய்ததற்காகவே பெயர்போன சிறை அது. 'எண் 5 சிறை' என்றால் அங்கே இன்றைக்கும் ஒரு தலைமுறைக்கு உடம்பு நடுங்கும். (2022ல் அதை மூடிவிட்டார்கள்.) வரையும் பொருட்கள் கொடுக்க நிர்வாகம் மறுத்தது. வரைந்ததையும் பறித்தார்கள்.

இங்கேதான் எனக்குக் கதையே தொடங்குகிறது. பெயின்ட் இல்லை, காபித்தூளும் தேயிலைச் சாறும் இருந்தன. மஞ்சள்தூள் மஞ்சள் நிறத்துக்கு. சிவப்புக்கு மாதுளை. பிரஷ் இல்லை, சிறை முற்றத்தில் விழுந்த பறவை இறகுகளும், கூட இருந்த பெண்களின் தலைமுடியும் பிரஷ் ஆயின. தாள் இல்லை, பழைய செய்தித்தாள், துணி, உடுப்பு. பிரான்சில் இருந்த ஒரு தோழி கடிதம் எழுதும்போது பின்பக்கத்தைக் காலியாக விட்டு அனுப்புவார். கடிதம் என்பதால் சிறையில் தடுக்கவில்லை. அந்தப் பின்பக்கங்களில் வரைந்து வரைந்து, எண் 5 சிறையின் வரலாற்றையே ஒரு சித்திரக்கதையாக முடித்துவிட்டார். அது 2021ல் பிரெஞ்சில் புத்தகமாக வந்தது.

இன்னொரு நிறமும் இருந்தது. மாதவிலக்கு ரத்தம். உலகம் முழுக்க அருவருப்பாகப் பார்க்கும் ஒன்றையே வேண்டுமென்றே எடுத்து வரைந்ததாக அவர் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். இதைப் படித்தபோது எனக்கும் முதலில் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. எங்கள் வீட்டில் அந்த மூன்று நாள் பூஜையறைப் பக்கம் போகக்கூடாது, ஊறுகாய் ஜாடியைத் தொடக்கூடாது. அம்மாவிடம் இதைச் சொன்னேன். "கர்மம், கர்மம்!" என்று காதைப் பொத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, கீரை ஆய்ந்துகொண்டே அவராகவே கேட்டார்: "வேற சாயமே குடுக்கலையாமா அந்தப் பொண்ணுக்கு?" இல்லை என்றேன். "பாவம்" என்றார். பிறகு, "அடுத்தவ தலைமுடியெல்லாம் குடுத்திருக்காளுகன்னா நல்லவளுகதான்" என்றார். நான் படித்த எந்த விமர்சகரும் அந்தத் தலைமுடியை இப்படிப் பார்க்கவில்லை. நாம் 'ஸெஹ்ராவின் ஓவியம்' என்கிறோம். அம்மாவுக்கு அது ஒரு கூடம் நிறையப் பெண்கள் சேர்ந்து செய்த வேலையாகத் தெரிந்திருக்கிறது.

அது உண்மையும்கூட. முதல் முறை மார்தின் சிறையில் இருந்தபோதே, மூடப்பட்ட ஒரு குர்துப் பத்திரிகையின் பெயரோடு 'நிலவறை' என்ற சொல்லைச் சேர்த்து, சக கைதிகளோடு கையாலேயே எழுதி ஒரு பத்திரிகை கொண்டுவந்தார். பத்திரிகையை மூடினால் மூடட்டும், நாங்கள் உள்ளேயிருந்து நடத்துகிறோம் என்ற திமிர் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது!

வெளியுலகத்துக்கு அவரைத் தெரியவைத்தது ஒரு சுவர். 2018 மார்ச்சில் நியூயார்க்கில் பேங்ஸி சுமார் 70 அடி நீளச் சுவர் முழுக்கக் கைதிகள் நாள் எண்ணுவது போல நான்கு கோடு, குறுக்கே ஒன்று என்று வரைந்து நிரப்பினார். ஒரே ஒரு இடத்தில் அந்தக் கோடுகள் சிறைக்கம்பிகளாக, பின்னால் ஸெஹ்ராவின் முகம். கம்பிகளில் ஒன்று பென்சில். இரவில் மேலே அவருடைய நுசைபின் ஓவியத்தை ஒளியாகக் காட்டினார்கள். ஒரு ட்விட்டர் கணக்கில் இருந்ததை மறைக்க நினைத்தார்கள், கடைசியில் மன்ஹாட்டனில் போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்தார்கள். சீன ஓவியர் அய் வெய்வெய்யும் அவருக்குக் கடிதம் எழுதினார்.

இதில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. பேங்ஸி வரையாமல் இருந்திருந்தால் நான் ஸெஹ்ராவைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க மாட்டேன். அப்படியானால் சுவர் கிடைக்காதவர்கள் எத்தனை பேர்? அந்தச் சமயத்தில் உலகிலேயே அதிகப் பத்திரிகையாளர்களைச் சிறையில் வைத்திருந்த நாடு துருக்கி. தலைமுடி கொடுத்த பெண்களின் பெயர் எனக்குத் தெரியாது. ஒரு பிரபலமானவர் கை காட்டினால்தான் திரும்பிப் பார்ப்போம் என்பது நம்மைப் பற்றித்தான் ஏதோ சொல்கிறது.

2018 அக்டோபரில் தார்சுஸ் சிறைக்கு மாற்றினார்கள். (பைபிளில் வரும் 'தர்சு பட்டணம்' இதுதான். சிறையிலிருந்து கடிதங்கள் எழுதிய பவுலின் ஊர்!) 2019 பிப்ரவரி 24ல் விடுதலை. இரண்டாம் முறை மட்டும் 600 நாட்களுக்கு மேல் உள்ளே இருந்திருக்கிறார். பிறகு ஐரோப்பாவுக்குப் போய்விட்டார். மே மாதமே லண்டன் டேட் மாடர்னில் அவருடைய காட்சி நடந்தது. அங்கே அவர் வைத்தது ஓவியங்களை அல்ல. இடிந்த குர்து நகரங்களிலிருந்து எடுத்துவந்த, மக்கள் விட்டுப்போன பொருட்களை. அவர் கையால் எதையும் மாற்றாமல், பொருளை அப்படியே வைத்துவிட்டார். ஓவியத்தை நம்பாதவர்களுக்கு வவுச்சரையே காட்டினார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பாடத்தில் இருப்பு மதிப்பீட்டுக்கு ஒரு விதி உண்டு: அடக்க விலை அல்லது சந்தை விலை, இவற்றில் எது குறைவோ அது. ஸெஹ்ரா சிறையில் வரைந்த ஒரு செய்தித்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பேப்பர், ஒரு கரண்டி காபித்தூள், ஒரு சிட்டிகை மஞ்சள், ஒரு இறகு. எங்கள் கணக்குப்படி மதிப்பு கிட்டத்தட்ட பூஜ்யம். ஆனால் அந்த பூஜ்யத்தைப் பறிக்க ஒரு அரசாங்கம் காவலர்களுக்குச் சம்பளம் கொடுத்தது. அதை வெளியே கொண்டுவர யார் யாரோ ஆபத்தை ஏற்றுக்கொண்டார்கள். ஒரு பொருளின் மதிப்பைத் தெரிந்துகொள்ள, அதைப் பறிக்க ஒருவர் எவ்வளவு செலவு செய்கிறார் என்றும் பார்க்கலாம் என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லை.

கலை உலகத்தை மாற்றுமா என்றெல்லாம் எனக்குத் தெரியாது. நுசைபினில் இடிந்த வீடுகள் ஒரு ஓவியத்தால் எழுந்து நிற்கவில்லை. ஆனால் அந்தப் புகைப்படம் மட்டும் இருந்திருந்தால், அந்த ஊரின் கடைசிப் பதிவாக ஒரு வெற்றிப் படம்தான் மிஞ்சியிருக்கும். இப்போது அதற்குப் பக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது.

நேரம் கிடைத்தால் இரண்டையும் தேடிப் பாருங்கள். முதலில் புகைப்படம், பிறகு ஓவியம். அவசரப்படாமல் பாருங்கள். என் தோழிக்கும் நேற்று காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இந்த வீட்டிலெல்லாம் யார் இருந்தாங்க?" என்று கேட்டாள்.