அம்பும் முயலும்

ஒரே நிலையத்திலிருந்து, ஒரே ஊரை நோக்கி, ஒரே தண்டவாளத்தின்மீது, சில நிமிட இடைவெளியில் இரண்டு புகைவண்டிகள் புறப்படுகின்றன. ஒன்று அரசின் உடைமை, மற்றொன்று தனியாருடையது. இரண்டுமே மணிக்கு 300 கிலோ மீட்டர் வேகத்தில் விரையக் கூடியவை. இரண்டுமே, "எம்மிடம் வாருங்கள், எம்மிடம் வாருங்கள்" என்று பயணியை அழைக்கின்றன. இக்காட்சியைக் காண வேண்டுமானால் இத்தாலி நாட்டின் தலைநகராகிய உரோமைக்குச் செல்ல வேண்டும்.

2023ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் உரோமையிலிருந்து மிலான் நகருக்குச் சென்று திரும்பும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. போகும்போது ஒரு நிறுவனத்தின் வண்டியிலும், வரும்போது மற்றொன்றின் வண்டியிலும் ஏறிப் பார்த்து, எது சிறந்தது என்று அறிந்துகொள்ள விரும்பினேன். அந்த ஒப்பீட்டையே வாசக அன்பர்களுக்கு இங்கே தருகிறேன்.

முதலில் சற்று வரலாறு. இத்தாலியின் இரயில்வே 1905ஆம் ஆண்டில் அரசுடைமையாயிற்று. நூறாண்டுக்குமேல் நெடுந்தொலைவுப் பயணத்தில் அரசு இரயில்வேக்குப் போட்டி என்பதே இல்லை. 1991இல் ஐரோப்பியச் சமூகம் ஒரு புதிய நெறியை வகுத்தது. தண்டவாளத்தைப் பராமரிக்கும் பொறுப்பும், அதன்மீது வண்டி ஓட்டும் தொழிலும் கணக்களவிலேனும் வெவ்வேறாகப் பிரிக்கப்பட வேண்டும் என்பதே அந்நெறி. நெடுஞ்சாலை பொதுவானது, அதில் சுங்கம் செலுத்தி எவரும் வண்டி ஓட்டலாம் என்பதைப் போன்றது இது. அந்த வழியாக நுழைந்ததுதான் 'இத்தாலோ' என்னும் தனியார் வண்டி. பெராரி கார் நிறுவனத்தின் தலைவராக விளங்கிய லூக்கா தி மோந்தெசெமோலோ முதலிய தொழிலதிபர்கள் 2006இல் தொடங்கிய நிறுவனம் அது. 2012ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் அதன் முதல் வண்டி பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடியது.

அரசு நிறுவனமாகிய 'திரெனித்தாலியா'வின் விரைவு வண்டிக்குப் 'பிரெச்சாரோசா' என்று பெயர். 'சிவப்பு அம்பு' என்பது அதன் பொருள். தனியார் வண்டியின் சின்னமோ பாய்ந்தோடும் ஒரு முயல். ஆக, அம்பும் முயலும் ஒரே பாதையில் போட்டியிடுகின்றன!

புதியவனுக்கு வழி எளிதாக அமையவில்லை. தொடக்கத்தில் அவ்வண்டிகள் உரோமையின் தலைமை நிலையமாகிய தெர்மினியிலிருந்து புறப்படாமல், ஓஸ்தியென்சே, திபுர்த்தீனா ஆகிய நிலையங்களிலிருந்து புறப்பட்டன. ஓஸ்தியென்சேயில் அந்நிறுவனம் அமைத்த பயணியர் கூடத்திற்கும் நடைமேடைக்கும் நடுவே 2012இல் ஓர் இரும்புவேலி எழுந்ததும், அது நாடெங்கும் பேசப்பட்டதும் அக்காலச் செய்தி. தண்டவாளத்தைப் பராமரிக்கும் அமைப்பும் அரசு வண்டிகளை ஓட்டும் நிறுவனமும் ஒரே குடும்பத்தின் பிள்ளைகள். அதனால்தான் புதியவனுக்கு இத்தனை இடர்ப்பாடு என்று பலர் குறை கூறினர். பின்னர் நிலைமை சீர்பட்டது. இன்று அம்பும் முயலும் தெர்மினியில் அருகருகே நிற்கின்றன.

போகும்போது நான் அம்பில் ஏறினேன். வண்டி நகரத்தைக் கடந்ததும் திபேர் ஆற்றின் பள்ளத்தாக்கு விரிந்தது. ஒலிவ மரங்களும், குன்றின்மேல் கோட்டைபோல் நிற்கும் ஊர்களும் கண்ணிமைப்பதற்குள் பின்னோடின. உரோமைக்கும் பிளாரன்சுக்கும் இடையிலுள்ள இந்த நேர்ப்பாதையின் முதற்பகுதி 1977இல் திறக்கப்பட்டு, 1992இல் முழுமை பெற்றது. பிளாரன்சைக் கடந்தால் காட்சியே இல்லை. அப்பெனைன் மலையைக் குடைந்து 2009இல் திறக்கப்பட்ட பாதை அது. பிளாரன்சுக்கும் பொலோனியாவுக்கும் இடையிலுள்ள 78 கிலோ மீட்டரில் 73 கிலோ மீட்டருக்குமேல் சுரங்கம்தான். பிறகு போ ஆற்றுச் சமவெளி. வரப்புகளும் பண்ணை வீடுகளும் கோயில் கோபுரங்களும். ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில், 1931இல் திறக்கப்பட்ட மிலான் நிலையத்தின் மாபெரும் இரும்பு வளைவுகளின்கீழ் இறங்கினேன்.

மூன்று நாள் கழித்து முயலில் திரும்பினேன். ஒப்பிட்டுப் பார்த்தால் என்ன வேற்றுமை? அம்பின் புதிய வண்டி எட்டுப் பெட்டிகள் கொண்டது. முயலின் முதல் வகை வண்டி பதினோரு குறும்பெட்டிகள் கொண்டது. இரண்டின் நீளமும் ஏறத்தாழ 200 மீட்டரே. முயலின் பெட்டிகள் ஒன்றோடொன்று பிணைந்து, இரு பெட்டிகளுக்கு நடுவில் சக்கரத் தொகுதியைக் கொண்டுள்ளன. அதனால் ஒரு பெட்டியிலிருந்து மறு பெட்டிக்கு நடந்து செல்கையில் ஆட்டம் குறைவாக இருந்ததுபோல் எனக்குத் தோன்றியது. அம்பிலோ கால் நீட்டிக்கொள்ளச் சற்றுத் தாராளமான இடம் கிடைத்தது. இரண்டிலும் பணத்துக்கேற்ப வகுப்புகள் உண்டு. மேல்வகுப்பில் அகன்ற இருக்கையும் சிற்றுண்டியும் வழங்குவர்; நம்மைப் போன்றோர் அமரும் கீழ்வகுப்பும் தூய்மையாகவே இருந்தது. வேகத்திலும் நேரத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நாள் ஒன்றுக்கு ஓடும் வண்டிகளின் எண்ணிக்கையில் அம்பே முந்தி நிற்கிறது.

கட்டணத்தில்தான் விந்தை. இங்கே நிலையான கட்டணம் என்பதில்லை. பல வாரங்களுக்கு முன்பே வாங்கினால் மலிவு. புறப்படும் நாளன்று வாங்கினால் அதே இருக்கைக்கு மூன்று மடங்கும் ஆகலாம். மலிவான சீட்டு வாங்கியவர் தம் வண்டியைத் தவறவிட்டால் அவர் கொடுத்த பணமும் அதனோடு போயிற்று. எனினும் போட்டி தொடங்கிய பிறகு பொதுவாகக் கட்டணம் இறங்கியது, வண்டிகள் பெருகின, உரோமைக்கும் மிலானுக்கும் இடையே விமானத்தில் பறந்தவர்களுள் பெரும்பாலோர் இரயிலுக்கு மாறினர். போட்டியால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை.

ஆயினும், இவ்விரு பயணங்களுள் ஒன்றில் நிகழ்ந்த ஒரு சம்பவத்தை நான் இன்னும் மறக்கவில்லை. எந்த வண்டி என்பது இங்கே தேவையில்லை. இந்த விதி இரண்டுக்கும் பொது.

இடையிலுள்ள ஒரு நிலையத்தில் எழுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் ஏறி என் எதிரில் அமர்ந்தார். மடியில் துணிப்பையொன்று. மகளுக்கு அறுவை சிகிச்சை என்றும், மாலைக்குள் மருத்துவமனை சேர வேண்டும் என்றும் பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். சீட்டுப் பரிசோதகர் வந்தார். அம்மையார் நீட்டிய தாளைப் பார்த்து, "அம்மா, இது மற்ற நிறுவனத்தின் சீட்டு. உங்கள் வண்டி பத்து நிமிடம் கழித்துத்தான் வரும்" என்றார் பணிவாகவே. அதே ஊர், அதே தண்டவாளம், அதே நடைமேடை. ஆனால் சீட்டுச் செல்லாது. புதுச் சீட்டை அன்றைய விலையில் வாங்க வேண்டும். இல்லையேல் அடுத்த நிலையத்தில் இறங்க வேண்டும். அம்மையார் பையைத் துழாவி நோட்டுகளை எண்ணினார். போதவில்லை.

என் சட்டைப் பையில் பணம் இருந்தது. 'மொழி சரியாகத் தெரியாதே, அயல் நாட்டான் தலையிடுவது முறையா' என்று நான் எண்ணமிட்டுக் கொண்டிருந்தேன். அதற்குள், காதில் இசைக்கருவி மாட்டியிருந்த ஓர் இளைஞன் எழுந்து வந்து, குறைந்த தொகையைக் கொடுத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் தன் இடத்துக்குத் திரும்பினான். நல்ல சமாரியன் உவமையை எத்தனையோ முறை விளக்கிப் பேசியவன் நான். அன்று வழியோடு விலகிப் போனவன் யார் என்பதை நான் சொல்லவும் வேண்டுமோ?

அந்த அம்மையார் செய்த தவறு யாது? பழைய நாளில் இரயில் என்றால் ஒரே இரயில். சீட்டு என்றால் ஒரே சீட்டு. அந்தப் பழக்கத்தில் ஏறிவிட்டார். போட்டியைப் புரிந்துகொண்டு, வலைத்தளங்களில் விலை தேடி, வாரங்களுக்கு முன்பே சீட்டு வாங்கக் கூடியவருக்குத் தான் மலிவு. திடீர்த் துயரத்தில் புறப்படுகிறவருக்கோ அதிக விலை.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். போட்டி நடப்பது பெரும்பாலும் கூட்டம் மிகுந்த, வருவாய் நிறைந்த வழித்தடங்களில்தான். அதிவேகப் பாதை தெற்கே சலேர்னோ வரைதான் செல்கிறது. அதற்கும் தெற்கே பழைய பாதைதான். 2019இல் ஐரோப்பாவின் பண்பாட்டுத் தலைநகராகத் திகழ்ந்த மத்தேரா நகரில் அரசு இரயில்வேயின் நிலையமே செயற்படவில்லை. மிலானிலிருந்து சிசிலித் தீவுக்குச் செல்லும் இரவு வண்டியைப் பகுதி பகுதியாகக் கப்பலில் ஏற்றி, மெசீனா நீரிணையைக் கடத்துகிறார்கள். அந்த வண்டி, அரசு ஒப்பந்தப்படி பொதுப்பணம் அளித்து ஓட்டப்படுவது. நான் சென்ற நாளில் அம்போ முயலோ அந்த நீரிணையைக் கடக்கவில்லை. வடக்கே வேலை செய்து, விடுமுறைக்குத் தெற்கே வீடு திரும்பும் எளிய மக்கள் அதில்தான் இரவு முழுதும் பயணம் செய்கிறார்கள்.

ஆகவே, எது சிறந்தது என்று கேட்டால், இரண்டும் நன்றே என்பேன். முன்கூட்டியே திட்டமிடுகிறவர் இரண்டின் விலையையும் பார்த்து, குறைந்ததில் ஏறலாம். வசதியில் எதுவும் இழக்க மாட்டார். நேரம் உறுதியில்லாதவர் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தேனும் மாற்றிக்கொள்ளக் கூடிய சீட்டை வாங்குவது அறிவுடைமை. ஏறுமுன் சீட்டில் உள்ள பெயரும் வண்டியில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்று பார்த்துக்கொள்ளவும் மறவாதீர்கள்.

இறங்கும் இடம் வந்ததும் அந்த அம்மையார் இளைஞனைத் தேடினார். அவன் கூட்டத்தில் மறைந்துவிட்டிருந்தான். அவருடைய துணிப்பையை நடைமேடைவரை தூக்கிச் சென்று கொடுத்தேன். அன்று நான் செய்தது அவ்வளவே.