பழைய டிரைவைக் குறை சொல்வதற்கு முன்

மார்ச் 4

இப்போது விற்கும் மேசைக் கணினிகள் பலவற்றில் டிவிடி டிரைவுக்கு இடமே கிடையாது. கேபினெட்டின் முகப்பில் அது உட்கார்ந்திருந்த இடத்தைக் காற்றாடிகள் பிடித்துக்கொண்டன. கல்யாண வீடியோ, ஸ்டுடியோவில் வாங்கிய போட்டோ சிடி, பழைய அலுவலகக் கணக்கு என்று எதையாவது திறக்க வேண்டுமானால், அலமாரியில் கிடக்கும் வெளி டிரைவைத்தான் தேட வேண்டும். அதைச் செருகினால் விளக்கு எரிகிறது, வட்டு சுழல ஆரம்பிக்கிறது, டிக் டிக்கென்று சத்தம், உடனே விளக்கு அணைகிறது. திரையில் வந்த டிரைவ் எழுத்தும் மறைந்துவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் மறுபடி முதலிலிருந்து. "டிரைவ் போயிடுச்சு, தூக்கிப் போடுங்க" என்று இதற்குத் தீர்ப்பு சொல்லிவிடுகிறார்கள். அது அவசரத் தீர்ப்பு. இந்த அறிகுறியைக் கண்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது டிரைவின் வயதை அல்ல, அதற்குப் போய்ச் சேரும் மின்சாரத்தை.

தனி அடாப்டர் இல்லாத மெல்லிய டிரைவுக்குத் தகவலும் மின்சாரமும் ஒரே யூஎஸ்பி கேபிளில்தான். யூஎஸ்பி 2.0 விதிப்படி ஒரு போர்ட் தர வேண்டியது 500 மில்லி ஆம்பியர். நின்றிருக்கும் வட்டைச் சுழலவைக்கும் முதல் நொடிகளில் மோட்டார் அதற்கு மேலும் இழுக்கக்கூடும். வேகம் பிடித்தபின் தேவை இறங்கிவிடும். அந்த நொடிகளில் 5 வோல்ட் சரிந்தால் டிரைவின் சிப் ரீசெட் ஆகிறது. விளக்கு அணைந்து எரிவது அதனால்தான். பழைய டிரைவ்கள் சிலவற்றோடு இரட்டைத் தலை கேபிள் கொடுத்ததும் இன்னொரு போர்ட்டிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொள்ளத்தான். அந்தக் கேபிள் தொலைந்துபோய், கையில் கிடைத்த நீளமான ஒல்லிக் கேபிளை மாட்டும்போது தொல்லை தொடங்குகிறது. கேபினெட்டின் முன்பக்க போர்ட் உள்ளே இன்னொரு கம்பி வழியாகத்தான் மதர்போர்டைச் சேர்கிறது. பின்பக்க போர்ட் போர்டிலேயே இருக்கிறது. எனவே குட்டையான, தடித்த கேபிளில், பின்பக்கத்து யூஎஸ்பி 3.0 போர்ட்டில் மாட்டிப் பார்ப்பதுதான் முதல் வேலை. அது 900 மில்லி ஆம்பியர் வரை தரும். அப்படிப் பார்த்தால் இந்த டிரைவுக்குப் பழைய கணினியைவிடப் புதியதே வசதி. தனி மின்சாரம் இல்லாத ஹப்பில் மாட்டுவதுதான் இருப்பதிலேயே மோசம்.

மார்ச் 5

இந்தப் பழைய டிரைவ் பயன்படுத்தும் யூஎஸ்பி 2.0 இந்தக் காலத்துக்கு மெதுவாயிற்றே என்ற ஆட்சேபம் கணக்கில் நிற்காது. டிவிடியின் ஒரு மடங்கு வேகம் நொடிக்குச் சுமார் 1.4 மெகாபைட்; 8 மடங்கில் ஓடினாலும் 11 மெகாபைட்தான். யூஎஸ்பி 2.0 நடைமுறையில் சுமார் 30 மெகாபைட் கடத்தும். தாமதம் வட்டில் இருக்கிறது, கேபிளில் இல்லை. விண்டோஸ் 11-இல் படம் ஓடவில்லை என்பதும் டிரைவின் குற்றமல்ல. டிவிடி படம் ஓட்டும் வசதியை மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 8 காலத்திலேயே பொதுப் பதிப்பிலிருந்து எடுத்துவிட்டது. விஎல்சி பிளேயர் போட்டால் ஓடும். டிரைவருக்காகவும் எங்கும் தேட வேண்டாம், விண்டோஸிலேயே இருக்கிறது.

மார்ச் 7

புது டிரைவே மலிவாகக் கிடைக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு என்பதுதான் வலுவான ஆட்சேபம். லேசர் தேயும், லென்ஸில் தூசி படியும், உண்மை. பின்பக்க போர்ட்டில் நிதானமாகச் சுழன்றும், கடையில் வாங்கிய ஒரிஜினல் வட்டைக்கூடப் படிக்காத டிரைவுக்கு வாதாட மாட்டேன். ஆனால் புதிது வந்தாலும் பழையதைக் கழிக்க வேண்டாம் என்பேன். வீட்டில் எழுதிய வட்டுகள் விஷயத்தில் ஒவ்வொரு டிரைவின் கண்ணும் வேறு; ஒன்று திணறும் வட்டை இன்னொன்று படித்துவிடுவதுண்டு. குடும்பத்தில் மறைந்தவர் குரல் ஒரே ஒரு சிடியில் இருக்கும்போது இரண்டாவது டிரைவ் குப்பையல்ல. டிரைவ் ஓடத் தொடங்கிய அன்றே நகல் எடுக்கும் வேலையையும் ஆரம்பிக்க வேண்டும். எழுதிய சிடி, டிவிடிகளில் தகவல் தங்கியிருப்பது சாயப் பூச்சில். வெயிலும் சூடும் பட்டால் அது கெடும். கடையில் வாங்கிய வட்டில் தகவல் பிளாஸ்டிக்கிலேயே அச்சாகியிருக்கிறது, அது கொஞ்சம் காத்திருக்கும். மார்க்கர் பேனாவால் பெயர் எழுதிய வட்டுகளை முதலில் எடுத்து, முழு வட்டையும் ஐஎஸ்ஓ கோப்பாக இரண்டு இடங்களில் சேமிக்கலாம்.